கடுகு தாளிக்காத வீடு

மர்பி டவுன்,
பெங்களூர் - 8.
5-7-1998

வனஜா அண்ணிக்கு ரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தம்பியும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகும், நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பதறுவீர்கள். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் கால் புண் எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை கோயில் சர்க்கரைப் பொங்கலை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டீர்களா?

என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும். தாரணி பாப்பா போன பிறகு நான் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டபோது வாசல் வரை வரவில்லை. ரஞ்சிதத்துக்கு என் மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இருந்தது. உங்கள் மேலா, மாரியம்மன் மேலா, விஷயம் தெரியாமல் பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்ட மளிகைக்கடைக்காரர் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று மூடிக்கொண்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா?

இப்போது எழுதுவதற்குக் காரணம் நீங்கள் தம்பிக்குப் போட்ட இன்லண்ட் லெட்டர். ஆடி முதல் வெள்ளி காப்புக் கட்டிக்கொண்டு மூன்றாம் வெள்ளி தீ மிதிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் செய்த குற்றத்தை அம்மனிடம் தீர்க்காமல் என் கட்டை வேகாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவர் அதைப் படித்துவிட்டு மடித்து, அலமாரியில் பாப்பா போட்டோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். அக்கா சொன்னால் சொன்னதுதான், அவளை யார் தடுக்க முடியும் என்றார். போன தடவை உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் கதவைத் திறக்காமலே பேசி அனுப்பியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அண்ணி, அந்தக் காலை வைத்துக்கொண்டு நெருப்பில் இறங்கக் கூடாது. காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் வீடெல்லாம் ரத்தத்தோடு நடந்தவர் நீங்கள். தரையைப் பார்த்து அத்தை, அத்தை என்று தாரணி கத்திய பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது. சுட்டாலும் தெரியாது, வெந்த புண் ஆறவும் ஆறாது. கடைசியில் காலையே எடுக்க வேண்டும் என்பார்கள். இதை மட்டும் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள்தானே உங்கள் குடும்பத்தில் எல்லோரும். அதனால் முழுவதையும் சொல்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வைகாசியில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஏனென்றால் இதுவரை நாம் மூன்று பேரும் அதைச் சேர்ந்து பேசியதே இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது. தலைவலி தாங்காமல் அழுதாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. கடைத்தெரு டாக்டர் மலேரியாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அப்புறம் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. நீங்கள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மா வந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். மாத்திரையை நிறுத்தினோம். வாசலில் வேப்பிலை செருகினோம். மஞ்சள் தண்ணீர், இளநீர், வேப்பிலைப் படுக்கை என்று எதிலும் குறை வைக்கவில்லை நீங்கள்.

அம்மை கண்ட வீட்டில் அடுப்பில் தாளிக்கக் கூடாது, கடுகு வெடித்தால் அம்மனுக்கு ஆகாது என்று இரண்டு நாள் அடுப்பைக் காவல் காத்தவரும் நீங்கள்தான். மூன்றாவது நாள் இவர் ஷிஃப்ட் முடிந்து பசியோடு வந்தார். கைப் பழக்கத்தில் ரசத்துக்குக் கடுகு போட்டுவிட்டீர்கள். படபடவென்று வெடித்த பிறகுதான் நினைவு வந்து, கரண்டியோடு தண்ணீரில் முக்கினீர்கள். நான் பாப்பாவின் பக்கத்தில் இருந்தேன். அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் இல்லை.

ஒரு வருஷமாக அந்தச் சத்தம்தானே உங்கள் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது? இங்கேயும் அப்படித்தான். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் தாளிக்கவில்லை. அப்படி யாரும் முடிவு செய்யவில்லை. முதல் நாள் முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாம்பாரா, வேகவைத்த பருப்பா என்று தெரியாத ஒன்றை இவருக்கு ஊற்றுவேன். உப்பு போதுமா என்றால் போதும் என்பார்.

நீங்கள் அம்மன் கட்சி, உங்கள் தம்பி கொசு கட்சி. மலேரியா என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் கொசுக்களோடு யுத்தம் நடத்தினார். கார்ப்பரேஷன்காரர்களோடு கன்னடத்தில் சண்டை போட்டு வரவழைத்துத் தெருவெல்லாம் புகை அடிக்க வைத்தார். சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினார், தொட்டிக்கு மூடி போட்டார், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். ஆளே இல்லாத அவள் கட்டிலுக்குக் கொசுவலை வாங்கி வந்து கட்டினார், அண்ணி. அதைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தக் கட்டிலில்தான் நான் மத்தியானம் படுப்பேன். பாப்பாவின் நாய் லட்டு அடியில் படுத்திருக்கும். உங்களுக்குத்தான் தெரியுமே, பாப்பா போன அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போனது, சோற்றுக்கு மட்டும்தான் வெளியே வரும். அதன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடுவேன். நான் இப்போது சொல்லப் போவதை உங்கள் தம்பியிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டியிருப்பார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் என் பின்கழுத்தில், முடி ஆரம்பிக்கிற இடத்தில், ஏதோ ஒன்று மெல்ல நகரும். பாப்பா தூங்கும்போது என் முடிக்குள் விரலை விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள் இல்லையா? அதே மாதிரி. அவ்வளவு மெதுவாக. நான் கண்ணைத் திறக்க மாட்டேன். கையைத் தூக்க மாட்டேன். மூச்சைக்கூடச் சின்னதாக விடுவேன். திறந்தால் போய்விடுவாள் என்று பயம்.

தினமும் வந்தாள் என்று சொல்ல முடியாது. வராத நாளில் என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பேன். வந்த நாளில் எழுந்து தலையைச் சீவி, தைக்க வந்த ஜாக்கெட் துணிகளைக் கணக்காக வெட்டிக் கொடுப்பேன். தெருவில் எல்லோரும் ரஞ்சிதம் தேறிவிட்டாள் என்றார்கள்.

இந்த வைகாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதே தலைவலி. அதே சிவந்த கண். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ உள்ளங்கையைப் பார்த்தேன், புள்ளிகள் இருந்தன. உள்ளங்காலிலும் இருந்தன. மறைக்காமல் சொல்கிறேன் அண்ணி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் போன வழி எனக்கும் திறந்துவிட்டது என்று நினைத்தேன். கொசு கட்சிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய் வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அதைச் செருகக் கை வரவில்லை, கீழே போடவும் பயம். அப்படியே நின்று குழந்தை மாதிரி அழுதார்.

பக்கத்து வீட்டு அலெக்சாண்டரின் மனைவி பிலோமினா உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். போன தடவை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இந்தத் தடவை இருக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து உங்கள் அம்மனைக் கும்பிடுங்கள் என்று சத்தம் போட்டாள். அலெக்சாண்டரின் டெம்போவில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். வரமாட்டேன் என்று நான் அவள் கையைக் கடித்தேனாம். எனக்கு நினைவில்லை. அவள் தழும்பைக் காட்டிச் சிரிக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வித்யாலட்சுமி என்று ஒரு சின்ன வயது டாக்டர். வேலூர்ப் பக்கத்துப் பெண். என் உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இவரிடம் முதலில் கேட்ட கேள்வி, வீட்டில் நாய் இருக்கிறதா என்பது. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்தில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்றாராம். டாக்டர் என்னைப் புரட்டி, அக்குள், இடுப்பு எல்லாம் தேடி, கடைசியில் முடியை விலக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே சின்னதாகக் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. இதுதான் உண்ணி கடித்த இடம் என்றார்.

அங்கேதான் அண்ணி. அவள் விரல் வைத்த இடத்தில்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஒரு மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றேன். டாக்டர் பொறுமையாக எங்கள் இருவருக்கும் சொன்னார். மலேரியா கொசு கடித்து வருவது, அதன் கிருமி வேறு. இது உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கிருமி நாய் உண்ணியின் உடம்புக்குள் இருக்கும். எல்லா உண்ணியிலும் இருக்காது. இருக்கிற ஒன்று நம்மைக் கடித்தாலும் வரும், அதை நகத்தில் வைத்து நசுக்கும்போது அந்தச் சாறு விரலில் உள்ள கீறலில் பட்டாலும் வரும். கொசு குத்திவிட்டுப் பறந்துவிடும், உண்ணியோ சுவர் விரிசலில் குடும்பம் நடத்திக்கொண்டு மாதக்கணக்காகப் பட்டினி கிடக்கும் என்றார். இதிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி வரும், பார்ப்பவர்கள் அம்மை என்றுதான் நினைப்பார்கள் என்றும் சொன்னார்.

நான் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து லட்டுவை மடியில் போட்டுக்கொண்டு உண்ணி பொறுக்குவதையும், இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்துப் பட் பட்டென்று நசுக்குவதையும் சொன்னேன். பரிசோதித்துப் பார்க்க இப்போது ஒன்றும் இல்லை, அதனால் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் அதுவும் இதுதான் என்றார் டாக்டர்.

இந்த வீட்டில் உண்ணி நசுக்காதே என்று அவளைத் திட்டியவர் நீங்கள் ஒருவர்தான். ரத்தம் குடிச்சதை நசுக்கின கையோட சோத்துல கை வைக்காதேடி என்று துரத்துவீர்கள். அத்தைக்கு அருவருப்பு என்று அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து கேலி செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எந்தக் கையால் வந்ததோ அந்தக் கையைக் கழுவச் சொன்னவர் நீங்கள். கடுகு வெடித்ததால் அவள் போகவில்லை. நீங்கள் ரசம் வைப்பதற்குப் பல நாள் முன்பே அது அவள் உடம்புக்குள் போய்விட்டது. அம்மன் வரவும் இல்லை, கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. செய்யாத குற்றத்துக்குத் தீ மிதிக்கப் போகிறீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலை இழுத்தோம். சுவரில் விரிசல் ஓடியிருந்தது. அதில் கடுகைக் கொட்டி அடைத்தது போல இருந்தது. இவர் விளக்கைக் கிட்டக் கொண்டு போனார். ஒன்று நகர்ந்தது, பிறகு எல்லாம் நகர்ந்தன. எனக்குக் காய்ச்சல் வந்ததோ, ஊசி போட்டதோ பெரிதில்லை அண்ணி. மத்தியான வேளைகளில் என்னிடம் வந்தவள் என் பிள்ளை இல்லை என்று அந்தச் சுவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டாவது தடவையும் அவளைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் மத்தியானம் பின்கழுத்து குறுகுறுக்கிறது. தடவிப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறேன்.

லட்டுவை இவர் அடித்துக் கொன்றுவிடுவார் என்று பயந்தேன். அலெக்சாண்டரின் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் அத்திபெலே தாண்டி விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் நாயோடு திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்றால், பாப்பா கை பட்ட உயிர் நம் வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்றார். மாட்டாஸ்பத்திரியில் மருந்து வாங்கி வந்து அதைக் குளிப்பாட்டினோம். விரிசலுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, மருந்தடித்து, வெள்ளையடித்தாயிற்று. இனி உண்ணியைப் பார்த்தால் நசுக்கக் கூடாது, இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெயில் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிலோமினா கத்திக் கத்திச் சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கடுகு தாளித்தேன். எண்ணெய் காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடுகைப் போட்டேன். வெடித்த சத்தத்துக்குக் கொல்லையிலிருந்து இவர் ஓடி வந்து சமையலறை வாசலில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார்.

காப்புக் கட்டாதீர்கள் அண்ணி. அம்மனுக்குச் செய்ய வேண்டும் என்றால் ஆடியில் இங்கேயே மர்பி டவுனில் கூழ் ஊற்றுவோம், நானே கேழ்வரகு அரைத்து வைக்கிறேன். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். எனக்கு இன்னும் நடந்தால் மூச்சு வாங்குகிறது, இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். உடனே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
ரஞ்சிதம்.


மர்பி டவுன்,
பெங்களூர் - 8.
25-7-1998

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கார்டு வந்தது. காப்புக் கட்டியாயிற்று என்று முதல் வரி. இரண்டாவது வரி ஒரு கேள்வி. உண்ணி என்று எழுதினாய் சரி, நான் நிறுத்தச் சொன்ன மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா, அதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு பக்கம் எழுதி நான் தாண்டி வந்த இடத்தில் நேராக விரலை வைத்துவிட்டீர்கள். உங்களை ஏமாற்ற முடியும் என்று நினைத்தது என் புத்திகெட்டத்தனம்.

கார்டை எடுத்துக்கொண்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அந்த மாத்திரை மலேரியாவுக்கு உள்ளது, உண்ணிக் காய்ச்சலை அது ஒன்றும் செய்யாது, முழுப் பட்டையையும் விழுங்க வைத்திருந்தாலும் இதே கதிதான் என்றார். உங்களைத் தேற்றுவதற்காக நான் கட்டிச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியதால் பாப்பா போகவில்லை. இதை நம்பலாம்.

இதோடு கடிதத்தை முடித்து ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போனேன். போடாமல் திரும்பி வந்து கிழித்துப் போட்டுவிட்டேன். ஏனென்றால் நீங்கள் அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள். வேப்பிலை செருகாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? அதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியும், நான்தான் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றேனே. பிழைத்திருக்கலாம் அண்ணி. அந்த மஞ்சள் கேப்ஸ்யூலை யாராவது நினைத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம். எழுதிவிட்டேன். இதை வேறு யாராவது உங்களிடம் சொல்லி, ரஞ்சிதம் மறைத்துவிட்டாள் என்று நீங்கள் நினைப்பதைவிட என் கையால் எழுதுவது மேல்.

இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு வேப்பிலை செருகியது யார்? ஒடித்து வந்தவர் உங்கள் தம்பி. படுக்கையில் பரப்பியவள் நான். அம்மா வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மலேரியா என்றால் என்னவோ ஏதோ என்று பயம். அம்மன் என்றால் நம்மவள், வந்தவள் மூன்று தண்ணீர் ஊற்றியதும் இறங்கிப் போய்விடுவாள், பிள்ளை எழுந்து உட்காரும். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அப்படி எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் தம்பியும் அப்படித்தான் ஐந்து வயதில் எழுந்து உட்கார்ந்தவர். அவரை அப்போது மடியில் வைத்து வேப்பிலையால் தடவியவரும் நீங்கள்தானே. தாரணியை நீங்கள் அந்த அன்போடுதான் தொட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியும்.

நீங்கள் தீயில் இறங்கினால் உங்கள் பங்கு அதோடு எரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். எரியாது. உங்கள் கால் போகும், பிறகு நீங்களும் போவீர்கள், அந்தப் பங்கு பஸ் ஏறி இங்கே எங்கள் இருவர் தலையில் வந்து உட்காரும். எங்கள் பங்கையே எங்களால் தூக்க முடியவில்லை. இவர் கொசு கொசு என்று ஒரு வருஷம் எதை அடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? இப்போது கொசுவும் இல்லை, உண்ணியும் இல்லை. வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பேசினால் கேட்பதில்லை. அக்கா, அக்கா என்று தூக்கத்தில் சொல்கிறார். பிள்ளை பெயரைக்கூட அவ்வளவு சொல்வதில்லை.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் புறப்பட்டு வருகிறோம். அலெக்சாண்டர் டெம்போவில் கொண்டுவந்து விடுகிறார். கதவைத் திறக்காவிட்டால் கோயிலுக்கே வந்து நிற்போம். கட்டிய காப்பை அவிழ்க்கக் கூடாது என்பீர்கள், அவிழ்க்க வேண்டாம். பூசாரியிடம் நான் பேசுகிறேன். உடம்புக்கு ஆகாதவர்கள் தீக்குப் பதிலாகப் பால்குடம் எடுப்பது எங்கும் உள்ளதுதான். குடத்தை நான் சுமக்கிறேன், நீங்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். அம்மன் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லாதீர்கள், அவளுக்கும் பிள்ளைகளைத் தெரியும்.

அதற்கும் மனம் ஒப்பாமல் நீங்கள் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் இறங்குங்கள். உங்களுக்குப் பின்னால் நான் இறங்குவேன். எனக்குப் பின்னால் இவர் இறங்குவார், சொல்லிவிட்டார். காப்புக் கட்டாதவர்கள் இறங்கினால் சுடும் என்பார்கள். சுடட்டும்.

அந்தக் கேள்வியை நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது அண்ணி. ஒரு வீட்டில் மூன்று பேருமாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கலாம்.

பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினால் ஆசீர்வாதம் வேண்டுமென்று எழுதி முடிப்பது வழக்கம். எனக்குத் தபாலில் ஆசீர்வாதம் வேண்டாம். தாரணி பிறந்த அன்று என் தலையில் கையை வைத்து, மகராசியாக இரு என்றீர்கள். அதே கையை வியாழக்கிழமை ஒரு தடவை என் தலையில் வையுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
ரஞ்சிதம்.